சரக்கு கொண்டுவந்தவன்

ஆடி பிறந்து நாலு நாளாகிறது. பகல் முழுக்கக் காற்று. ராத்திரி கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகும் மேலே தகரம் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. மாம்பழக் கூழ் ஆலைகளில் சீசன் முடிகிற நேரம். தோலும் கொட்டையும் புளித்த வாடை நெடுஞ்சாலைப் பக்கமிருந்து காற்றோடு வருகிறது. பர்கூரில் வளர்ந்தவர்களுக்கு அது பழகின வாடைதான். எனக்கு மட்டும் அது மூக்கோடு நிற்பதில்லை. பழைய வீட்டுத் திண்ணைவரை போய், சித்தப்பாவின் சட்டைவரை போய்த்தான் நிற்கும்.

நேற்று ஒரு படம் பார்த்தேன். 'தி பப்ளிக் எனிமி'. 1931இல் வார்னர் பிரதர்ஸ் தயாரித்து வில்லியம் வெல்மன் இயக்கியது. மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவு தாண்டி வந்தவன், நான் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கேங்ஸ்டர் படத்துக்கெல்லாம் இதுதாம்ப்பா தாத்தா, பாருங்க" என்று லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனான். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. முடிந்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

போன வருசப் பேரேட்டில் பின்னால் கொஞ்சம் பக்கம் மிச்சமிருக்கிறது. அதில் எழுதுகிறேன்.

*

ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். பர்கூரைக் 'குட்டி சூரத்' என்பார்கள். லாரியில் சேலைக் கட்டுகள் வந்து இறங்கும். சுற்றுவட்டாரத்துச் சில்லறைக் கடைக்காரர்கள், வீடு வீடாகப் போய் விற்கிற பெண்கள் எல்லாரும் இங்கே வந்துதான் எடுத்துப் போவார்கள். காலையில் எங்கள் கடையில் முதலில் கேட்கும் வார்த்தை, "சரக்கு வந்துடுச்சா?" பொழுது சாய்ந்தால் பேருந்து நிலையத்துக்கு அப்பால் அதே கேள்வியை வேறு ஆட்கள் கேட்பார்கள். தமிழில் துணிக்கும் சாராயத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டையும் யாரோ ஒருவன் தூரத்திலிருந்து சுமந்துகொண்டு வரவேண்டும். குடிக்கிறவனைப் பற்றி ஊரே பேசும். கொண்டுவருகிறவனைப் பற்றிப் பேச்சு எழாது. அவனுக்கும் அதுதான் வேண்டும்.

இந்தப் படம் கொண்டுவருகிறவனைப் பற்றியது.

*

1909இல் தொடங்குகிறது. சிகாகோ. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போகிற தெருவில், நீளக் கழியில் பீர் வாளிகளை வரிசையாகக் கோத்துச் சுமந்துகொண்டு ஒருவன் வருகிறான். நம் ஊரில் காவடி தூக்குகிற மாதிரியான நடை. பிறகு ஒரு மதுக்கடையின் பக்கவாசலிலிருந்து இரண்டு பொடியன்கள் வாளியோடு வெளியே வருகிறார்கள். ஒருவன் அப்படியே வாய் வைத்துக் குடித்துப் பார்க்கிறான். டாம், அவன் கூட்டாளி மாட். வீட்டில் அப்பா போலீஸ்காரர். பையன் தப்புச் செய்தால் ஒரு வார்த்தை பேசாமல் சவரத்தோலை எடுப்பார். அந்த வீட்டின் சத்தமின்மையை வெல்மன் நன்றாகக் காட்டியிருக்கிறார்.

வளர்ந்த டாமாக நடிப்பவர் ஜேம்ஸ் காக்னி. முதலில் அவருக்குக் கொடுத்தது கூட்டாளி வேடம். டாமாக நடிக்க வேண்டியவர் எட்வர்ட் வுட்ஸ். சில நாள் படமெடுத்த பிறகு, இது தலைகீழாக இருக்கவேண்டும் என்று தோன்றி இருவரையும் மாற்றியிருக்கிறார்கள். காக்னி நாட்டியம் ஆடப் பழகியவர். நிற்கும்போதுகூடக் கால் பெருவிரலில் எடை இருக்கிறது. ஓடத் தயாராக நிற்கிற ஆள் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா திண்ணையில் உட்காரமாட்டார். தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றபடியே காபி குடிப்பார்.

1920 வருகிறது. அமெரிக்கா முழுவதற்கும் மதுவிலக்கு. அரசியல் சட்டத்தையே திருத்திக் கொண்டுவந்தது. அமலாவதற்கு முந்தைய இரவைப் படம் ஒரு நிமிடம் காட்டுகிறது. ஜனங்கள் கடைகளிலிருந்து பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். பூக்கடை வண்டியில் பூவைத் தள்ளிவிட்டு மதுவை ஏற்றுகிறார்கள். குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி நிறையப் பாட்டில். இந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் குற்றவாளிக் களை இல்லை. நாளைக்கு இவர்களில் கொண்டுவருகிறவன் மட்டும் குற்றவாளியாவான். மற்றவர்கள் அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்.

*

அமெரிக்கா அந்தச் சட்டத்தை 1933 டிசம்பரில் கைவிட்டது. நாலு வருசம் கழித்து, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, எங்கள் மண்ணில் மதுவிலக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் பர்கூரும் சேலம் மாவட்டம்தான். தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது 2004இல். கொண்டுவந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். குடியால் அழிந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர். 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை அந்த ஆசிரமத்திலிருந்து வந்தது. கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார்.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்று தெரிந்தும் ஏன் செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்விக்கு அவ்வாதான் பதில்.

அவ்வா என்பது அப்பாவின் அம்மா. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். சித்தப்பாவைக்கூடச் சின்னநாயனா என்றுதான் கூப்பிடுவோம். எழுத உட்கார்ந்தால் சித்தப்பா என்று வருகிறது. 1937இல் அவ்வாவுக்குப் பத்து வயது. கள்ளுக்கடைப் பானைகள் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். அவள் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அந்த வருசம் எங்க நாயனா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வருவாரு." உலகப்போர் சமயத்தில் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகு அவர் பழையபடி இருட்டிய பிறகுதான் வந்தாராம்.

கள் இறக்கியவர்களுக்கு அன்றைக்கு வேலை போனது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். பனையும் ஈச்சையும் அப்படியே நின்றன. ஏறினவன் இறங்கி என்ன செய்தான் என்று பெரிதாக எழுதினவர் இல்லை. அரசுக்கும் வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை அடைக்க 1939இல் ராஜாஜி பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நான் இன்றைக்குப் பில் அடியில் போடுகிற ஜி.எஸ்.டி.க்கு அதுதான் முப்பாட்டன். தினம் நூறு தடவை அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன். கள்ளுப்பானை இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் எண் அது என்று நினைத்தால் பேனா கொஞ்சம் மெதுவாகப் போகும்.

*

இன்று விடுமுறை. சினிமாவைப் பற்றி யோசித்தபடி இருந்தேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு ஒரு புது வகைப் படத்தையே பெற்றெடுத்தது. 1931 ஜனவரியில் 'லிட்டில் சீசர்', ஏப்ரலில் இந்தப் படம், 1932இல் 'ஸ்கார்ஃபேஸ்'. மூன்றிலும் ஒன்றுமில்லாத வீட்டுப் பையன் துப்பாக்கியால் மேலே போய், துப்பாக்கியால் விழுகிறான். கொள்ளைக்காரனைக் கொண்டாடுகிறீர்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. இந்தப் படத்தின் முன்னும் பின்னும், குற்றவாளியை உயர்த்திக் காட்டுவது எங்கள் நோக்கமில்லை என்று எழுத்துப் போடுகிறார்கள். 1934இல் தணிக்கை விதிகளை இறுக்கிய பிறகு அந்த மாதிரி எடுக்க முடியாமல் போயிற்று.

நம் பக்கம்? சேலத்தில் மதுவிலக்கு வந்த அதே 1937இல்தான் அதே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தன் முதல் படமான 'சதி அகல்யா'வை வெளியிட்டது. ஒரே ஊர், ஒரே வருசம். டி.ஆர். சுந்தரத்தின் அந்த ஏற்காடு சாலை ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேலே படங்கள் வந்தன. அவற்றில் துப்பறியும் கதை உண்டு, கொள்ளைக்காரன் உண்டு. சாராயம் கடத்துகிறவனின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்த படம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு முந்தைய வருசம் வந்த 'சதி லீலாவதி'யை எடுத்தவர் அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன். ஓஹையோ மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் சினிமா படித்து, 1935இல் இந்தியா வந்தவர். மதுவிலக்கும் கேங்ஸ்டர் படமும் உச்சத்தில் இருந்த நாட்டில் வாலிபராக இருந்தவர். அவர் தமிழில் எடுத்த முதல் படமும் குடியைப் பற்றியதே. ஹென்றி வுட் அம்மையார் என்ற ஆங்கில எழுத்தாளர் மதுவிலக்குப் பிரச்சாரத்துக்காக எழுதிய நாவலைத் தழுவி எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. நல்ல குடும்பத்து மனிதன் குடியில் விழுந்து, நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுகிறான், மனைவி காத்திருக்கிறாள். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் வந்தது அதில்தான், போலீஸ் அதிகாரியாக.

அமெரிக்கக் கதையின் நடுவில் கொண்டுவருகிறவன் நிற்கிறான். நம் கதையின் நடுவில் குடிக்கிறவனும் அவன் பெண்டாட்டியும் நிற்கிறார்கள். இதில் எங்கள் கதையே நெஞ்சுக்கு நெருக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அடி வாங்குகிறவள் கதை முதலில் சொல்லப்படவேண்டிய கதைதான். ஆனால் கொண்டுவருகிறவனுக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டில் நான் வளர்ந்தேன். அதை ஒரு தமிழ்ப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

பதினாலு வருசம் கழித்து, 1950இல், அதே டங்கன் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு 'மந்திரி குமாரி' எடுத்தார். கருணாநிதி வசனம். ராஜகுருவின் மகன் பகலில் கனவான், இரவில் கொள்ளைக்காரன், எஸ்.ஏ. நடராஜன் நடித்தார். கட்டின மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளப் பார்க்கிறான், அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசிக் கதை. கொள்ளைக்காரன் ராஜா காலத்து உடையில் இருந்ததால் எல்லாரும் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. 1987இல் 'நாயகன்' வந்தபோது சித்தப்பா கிருஷ்ணகிரி போய் மூன்று தடவை பார்த்தார். நாலு பேருக்கு நல்லது செய்கிற கடத்தல்காரன் அவருக்குத் தேவைப்பட்டான். வெல்மன் டாமுக்கு அந்த ஆறுதலைத் தரவில்லை. டாம் யாருக்கும் சோறு போடவில்லை, ஊர் அவனை வணங்கவில்லை. அம்மாவிடம் பணம் கொடுக்கிறான். அண்ணன் அதை அவள் கையில் தங்கவிடவில்லை.

*

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த பக்கம் இது.

1991இல் எங்கள் பர்கூர் தொகுதியில் ஜெயித்துத்தான் ஜெயலலிதா முதல் தடவை முதலமைச்சரானார். அந்த ஜூலையில் மலிவு விலை மதுக்கடைகளை மூடினார். அவ்வா அன்றைக்கு விளக்கேற்றிக் கும்பிட்டாள். அந்தப் பக்கம் கர்நாடகத்தில் பாக்கெட் சாராயம் அரசு அனுமதியோடு ஓடிக்கொண்டிருந்தது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. ஒரு சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். சித்தப்பா அப்போது பெங்களூர் லோடு போகிற லாரியில் கிளீனர்.

அவ்வா கோணி தைப்பாள். ஜவுளிக் கட்டு பிரித்து, பங்கு போட்டு, வெளியூருக்கு அனுப்பும்போது புதுக்கோணி போட்டுத் தைத்துக் கொடுக்கவேண்டும். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நீளத்துக்கு மேலே இருக்கும் வளைந்த கோணி ஊசி, சணல் நூல், நூலில் தேய்க்க ஒரு துண்டு மெழுகு. உட்கார்ந்து கட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டு தைப்பாள். ஊசியை இழுக்கும்போது சணல் கோணியில் உராயும் சத்தத்தில்தான் எனக்குப் பல ராத்திரி தூக்கம் வந்திருக்கிறது.

ஒரு ராத்திரி சித்தப்பா ஒரு கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். ஓரம் பிரிந்திருந்தது. "தைச்சுக் குடும்மா, விடியக்காலையில வண்டி" என்றார். அவ்வா வழக்கம்போல முழங்காலை வைத்து அழுத்தினாள். அழுத்தினவள் எடுத்துவிட்டாள். பிரிந்த ஓரத்தில் கையை விட்டாள். சேலை மடிப்புகளுக்கு நடுவே அவள் கை நின்றது. நான் எதிரே பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் தொட்டது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னாளில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவு பாலித்தீன் உறை. ஜில்லென்று, தவளை வயிறு மாதிரி நெகிழும். ஓரம் கசிந்தால் அந்த வாடை துணியை விட்டுப் போகாது.

அவ்வா சித்தப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தாள். நூலில் மெழுகு தேய்த்தாள். முழங்காலை வைக்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தைத்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அன்னம் தின்னாவா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று. சித்தப்பா இல்லை என்று தலையசைத்தார். ராகிக் களி இருந்தது, போட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அப்பா வீட்டுக்கு வந்த அந்த ஒரு வருசத்தை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

*

படத்தில் டாமின் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அல்லது தெரியாது என்று வெல்மன் விட்டுவிடுகிறார். பெரிய மகன் மைக் முதல் உலகப்போரிலிருந்து உடம்பு கெட்டுத் திரும்பி வருகிறான். விருந்து. சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில் டாமும் மாட்டும் ஒரு பீர் பீப்பாயைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் உயரத்தில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. அதைச் சுற்றி எட்டிப் பார்த்துப் பேசுகிறார்கள், பரிமாறுகிறார்கள். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மைக் மட்டும் குடிக்க மறுக்கிறான். கடைசியில் பொங்கி எழுந்து, பீப்பாயைத் தூக்கி மூலையில் எறிகிறான். அதில் இருப்பது பீர் மட்டுமில்லை, ரத்தம் என்கிறான்.

எங்கள் அப்பா எதையும் தூக்கி எறிந்தவரில்லை. தட்டைத் தள்ளி வைப்பார். சித்தப்பா பணத்தில் வந்த அரிசி என்று தெரிந்தால் அன்றைக்கு மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுப்பார். அண்ணனும் தம்பியும் ஆறு வருசம் ஒரே கூரையின் கீழே நேருக்கு நேர் பேசவில்லை. நடுவில் அவ்வா. அந்தப் பீப்பாயைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டினது இதனால்தான். தெரிந்தும் தெரியாத மாதிரி அதைச் சுற்றி எட்டிப் பார்த்துப் பேசிய வீடு எங்களுடையது.

எல்லாரும் சொல்கிற அந்தக் காட்சி, காக்னி பழத்தை எடுத்துப் பெண்ணின் முகத்தில் தேய்ப்பது, அதில் எனக்கு எழுத ஒன்றுமில்லை. பார்க்க வலித்தது.

*

மழைக் காட்சி.

கூட்டாளி மாட்டைச் சுட்டுவிடுகிறார்கள். சுவர் ஓரத்தில் அந்தக் காட்சியை எடுக்கும்போது நிஜத் தோட்டாக்களைச் சுட்டிருக்கிறார்கள். காக்னி தலையை இழுத்துக்கொண்ட மறுநொடி அந்த இடத்தில் காரை பெயர்கிறது. பழிவாங்க டாம் தனியாகப் போகிறான். கொட்டும் மழை. தெருவின் எதிரே நின்று பார்க்கிறான். நம்மை நோக்கி நடந்து வருகிறான், முகம் கேமராவை நிறைக்கிறது. பிறகு எதிரிகள் இருக்கும் கட்டடத்துக்குள் போகிறான்.

கேமரா உள்ளே போகவில்லை. வெளியே மழையில் நிற்கிறது. கதவு, மழை, கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம். உள்ளே வெடிச்சத்தம், அலறல். எத்தனை பேர், யார் யார், ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் டாம் தள்ளாடி வெளியே வருகிறான். நடைபாதை ஓரச் சாக்கடை நீரில் விழுகிறான். நான் அப்படியொன்றும் முரடன் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான்.

நம் படம் என்றால் கேமரா உள்ளே போயிருக்கும். ஒவ்வொருவராக விழுவதைக் காட்டியிருக்கும். வெல்மன் வெளியே நிறுத்தியதற்கு அவர் கணக்கு என்னவோ. எனக்கு அது அவ்வா நிற்கிற இடம். உள்ளே நடப்பதைப் பார்க்கும் உரிமை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வாசலில் நின்று, வருகிற சத்தத்தை வைத்து, எவ்வளவு நடந்திருக்கும் என்று கணக்குப் போடவேண்டும். சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவள் சாலையோரம் சாயங்காலம் வரை நின்றாள். எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டோடு பிடித்தார்களா, கட்டு இல்லாமலா, அடித்தார்களா என்று வருகிற லாரிக்காரர்களையெல்லாம் கேட்டாள். ஒருவேளை அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது, கட்டில் இருந்த தையலைப் பார்த்தார்களா என்பதாக இருந்திருக்கலாம்.

மழை என்றதும் ராஜாஜி நினைவு வருகிறது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும், வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போனார். கொட்டும் மழையில் போனார் என்று சொல்வார்கள். தொண்ணூற்றிரண்டு வயது. ஆகஸ்ட் கடைசியில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதன் பிறகு மறுபடி அடைத்தார்கள், மறுபடி திறந்தார்கள். 2003இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. திறந்தாலும் அடைத்தாலும் எல்லையோரத்து வீடுகளில் ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

*

சித்தப்பா திரும்பி வந்தபோது ஐந்து மாதம் கடந்திருந்தது. அவ்வா அத்தனை ராத்திரியும் அவருடைய பாயை விரித்து வைத்தாள். விரித்து, கையால் தட்டி, தலைமாட்டில் செம்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் சுருட்டுவாள். அப்பா ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி மழைச்சாரல் அடித்தபோது அவரே எழுந்து போய் அந்தப் பாயை உள்பக்கம் இழுத்துப் போட்டார்.

வந்த பிறகு சித்தப்பா வண்டிக்குப் போகவில்லை. ஜவுளிக் கடைகளில் மூட்டை இறக்கினார். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. அந்த வாடையே ஆகாது என்பார்.

2007 ஜூலையில் கர்நாடகம் பாக்கெட் சாராயத்தைத் தடை செய்தது. அடுத்த வருசம் மே மாதம், பெங்களூர், கோலார் பக்கமும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லைக் கிராமங்களிலுமாகக் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேலானவர்கள் இறந்தார்கள். மெத்தனால் கலந்தது. கண் போகும், வயிறு எரியும், பிறகு மூச்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேலானவர்கள் போனபோது தொலைக்காட்சியில் பார்த்த அதே வரிசைப் பாடைகள், அதே பெண்கள், அதே அழுகை.

2008இல் அந்தச் செய்தி வந்த சாயங்காலம் சித்தப்பா கடைக்கு வந்தார். நான் ரொக்கப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினது அபூர்வம்.

"நாம கொண்டுவந்தது சர்க்கார் சாராயம்டா. முத்திரை போட்டது."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"அதுல யாரும் சாகல."

கொஞ்ச நேரம் கழித்து, "சாகலதானே?" என்றார்.

எங்கள் தெருவிலேயே அந்தப் பாக்கெட்டைக் குடித்துக் குடித்து நாற்பது வயதைத் தாண்டாதவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருடைய சாவுக்கும் அவர்தான் பந்தல் கால் நட்டார். அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. வரவு எழுதும் கை எனக்கு. செலவுப் பக்கத்தில் இதை எந்த இனத்தில் எழுதுவது? பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் சரிதானா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இல்லை சித்தப்பா, யாரும் சாகவில்லை என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். இல்லை, செத்தார்கள் என்று கூடவே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, கட்டின் மேலே தன் உட்காரலால் விழுந்த குழியைக் கையால் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எண்பது கடந்த அவ்வா, இடுப்பு நிமிராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவருக்குப் பாய் விரித்தாள்.

*

படத்தின் கடைசி.

டாம் ஆஸ்பத்திரியில் கட்டுகளோடு படுத்திருக்கிறான். அம்மா, அண்ணன், எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வரப்போகிறான் என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதற்குள் எதிரிகள் அவனை ஆஸ்பத்திரியிலிருந்தே தூக்கிப் போய்விடுகிறார்கள். வீட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. டாமை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று செய்தி. அம்மா மாடிக்கு ஓடுகிறாள். கிராமபோனில் இசைத்தட்டு ஓடுகிறது. அவள் பாடிக்கொண்டே படுக்கை விரிப்பை உதறுகிறாள், தலையணை உறை மாற்றுகிறாள். கீழே கதவு தட்டப்படுகிறது. மைக் திறக்கிறான். போர்வை சுற்றி, கயிற்றால் கட்டி, நிற்கவைத்த மூட்டையாக டாம் நிற்கிறான். முகம் தெரிகிறது. அப்படியே முன்னால் சாய்ந்து தரையில் விழுகிறான். மாடியில் அவள் இன்னும் பாடுகிறாள். இசைத்தட்டு முடிந்து, முள் மட்டும் கடைசிச் சுற்றில் உரசிக்கொண்டே இருக்கிறது.

சின்ன வயதில் வாளி தூக்கிப் போனவன் மூட்டையாகத் திரும்பி வருகிறான். கோணி தைத்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தக் கட்டு மிக நன்றாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் முடிச்சு, எங்கே இழுத்திருக்கிறார்கள் என்று கண் தானாகத் தேடிற்று.

எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. சித்தப்பா ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அவ்வா பகலில் பாய் விரித்திருக்கவில்லை. அவரைத் திண்ணையில் நிற்கவைத்துவிட்டு உள்ளே ஓடி, பாயை எடுத்துவந்து விரித்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

*

வாரம் மாறி, மகனுக்கு இப்போது நைட் ஷிப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும். அங்கிருந்து நடந்து வந்துவிடுவான். காற்று ராத்திரியெல்லாம் அடித்ததில் அறை முழுக்க மண். கட்டிலில் விரிப்பை எடுத்து வெளியே கொண்டுபோய் இரண்டு தடவை உதறினேன். தலையணையைத் தட்டினேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாதபடி வேட்டியை மடித்துக் கட்டினேன். செம்பில் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

ஏழு இருபது. வாசலுக்குப் போய் நிற்கிறேன்.